கால் ஆணி: பட்டுப் பிரிவில் 14 வருஷம் நின்றவள் சொல்வது

இடது கால். இரண்டாவது விரல் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே, முன்பாதம் மேடாக இருக்குமே, அந்த இடம். பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி அதன்மேல் முதல் அடி வைத்தால் மண்டை வரைக்கும் சுரீர் என்று ஏறும். சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில், பேர் வேண்டாம், பட்டுப் பிரிவில் 14 வருஷம் நின்றேன். அதில் ஐந்து வருஷம் இந்தப் பயறோடு நின்றேன்.

பட்டுப் பிரிவில் செருப்புக்கு இடம் கிடையாது. வாடிக்கையாளர்களும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் பதினொன்று ஆகிவிடும். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாட்டில் 2021-இல் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. வந்த ஸ்டூல் மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்துகொண்டன.

அந்த ஐந்து வருஷத்தில் நான் பண்ணாத கிறுக்குத்தனம் இல்லை. ஒரு ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், வீட்டுக்காரருடைய ஷேவிங் பிளேடை எடுத்து ஆணியைச் செதுக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா "வேரோட எடுத்துடு, இல்லாட்டி மறுபடி முளைக்கும்" என்றாள். வேரைத் தேடிக்கொண்டே போனேன். ரத்தம்தான் வந்தது. மூன்றாம் நாள் கால் வீங்கிச் சீழ் கோத்து, ஊசி, மாத்திரை, ஒரு வாரம் சம்பளம் பிடித்தம். பண்டிகைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஆணி இரண்டே மாதத்தில் அதே இடத்தில் வந்து நின்றது.

பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: ஆணிக்கு வேர் என்று ஒன்று கிடையாது. அது செடியும் இல்லை, கிருமியும் இல்லை. உள்ளே எலும்பு, வெளியே தரையோ செருப்போ; இரண்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மேல்தோலைத் தடிமனாக்குகிறது. அழுத்தம் பரவலாக விழுந்தால் தோலும் பரவலாகத் தடிக்கும். அதைக் காய்ப்பு என்கிறோம். ஒரே புள்ளியில் விழுந்தால் தடித்த தோல் கூம்பு மாதிரி இறுகி, கூர்முனை உள்பக்கம் பார்த்து நிற்கும். அதுதான் ஆணி. பேர் வைத்தவர் மிதித்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அழுத்தம் இருக்கிறவரை எத்தனை முறை வெட்டினாலும் தோல் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் அது ஆணிதானா என்று பாருங்கள்

பாதத்தில் வரும் மருவை ஆணி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. மரு வைரஸால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும், ஒரே காலில் பக்கத்து இடத்துக்கும் பரவும். அதற்கான வழி வேறு. பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. காலைக் கழுவி நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். விரல் ரேகை மாதிரி பாதத்திலும் ரேகை உண்டு. காய்ப்பின் மேல் அந்த ரேகை அப்படியே தொடர்ந்து ஓடும். மருவில் ரேகை அறுந்து சுற்றிப் போகும். நடுவில் கடுகைப் பொடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள்கூடத் தெரியலாம். அவை அடைத்துப்போன சின்ன ரத்தக் குழாய்கள். ஆணியின் நடுவில் மங்கலான கண்ணாடி மாதிரி ஒரு கெட்டி முத்து இருக்கும். அப்புறம் கையை வைத்துப் பாருங்கள். கட்டை விரலால் நேராக அழுத்தும்போது உயிர் போனால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளும்போது அதிகமாக வலித்தால் மருவாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

செருப்பைத் திருப்பிப் பாருங்கள்

எனக்கு வழி காட்டியது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற ஒரு பெரியவர். அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்தேன். அவர் வாரைப் பார்க்கவே இல்லை. செருப்பின் உள்பக்கத்தில் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய் ஒரு குழியில் நிறுத்தினார்.

"ஆணி இந்த எடத்துல தானம்மா?"

அதே இடம். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"கடையில வெறுங்காலு, வெளியில தேஞ்ச செருப்பு. காலுக்கு எப்பம்மா லீவு?"

அன்றைக்கு அவர் செய்தது இதுதான். எம்.சி.ஆர். என்று சொல்கிற மெத்தென்ற ரப்பர் ஷீட்டில் செருப்பளவுக்கு ஒரு தளம் வெட்டினார். ஆணி விழும் இடத்தில் பேனாவால் குறி போட்டு, அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை எடுத்தார். பசை போட்டு ஒட்டிச் சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். உளுந்து வடை ஞாபகம் வந்தது. ஓட்டைக்குள் ஆணி தொங்கும், சுற்றியிருக்கும் சதை எடையைத் தாங்கும். நான் அதுவரை செய்துகொண்டிருந்தது நேர் எதிர். வலிக்கிற இடத்தின் மேலேயே பஞ்சை மடித்து வைத்து பிளாஸ்டர் ஒட்டுவேன். அது ஆணிக்கு அடியில் கல் வைத்த மாதிரி. அழுத்தம் கூடத்தான் செய்யும். பஞ்சோ பேடோ எதுவாக இருந்தாலும் நடுவில் ஓட்டை வேண்டும்.

கடைக்குள் செருப்பு இல்லையே, அதற்கு? அவரிடமே அந்த ரப்பரில் துண்டு வாங்கி, வடை வடையாக வெட்டி, மெடிக்கலில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்டரால் காலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ரப்பர் மேட் போடச் சொல்லி மேலாளரிடம் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து கேட்டோம். தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்றார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிவிட்டோம். மேட் மேல் நின்றாலும் ஒரே காலில் சாய்ந்து நிற்கும் பழக்கம் இருந்தால் பயன் பாதிதான். என் எடை முழுக்க இடது காலில்தான் விழுந்தது, வலது கை அலமாரிக்கு நீளும் என்பதால். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை காலை மாற்றி வைக்கப் பழகினேன்.

செருப்பு வாங்குவதிலும் ஒரு வழி இருக்கிறது. பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, அதன்மேல் எழுந்து நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரையக் கூடாது. எடை இறங்கினால்தான் பாதம் விரியும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரியதைக் கணக்கில் எடுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் செருப்பை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால் ஆணியின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். என் கோடு இரண்டு பக்கமும் அரை விரல் வெளியே நின்றது. புதிதாக வாங்கும்போது சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். முனை கூரான ஷூவும் உயரமான ஹீல்ஸும் முழு எடையையும் முன்பாதத்தில் கொட்டும், விரல்களை ஒன்றோடொன்று நெருக்கும். கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் போடுகிறீர்களா, சரி. தினமும் வேண்டாம்.

மெட்டி விஷயம்

இதை நான் வேறெங்கும் படித்ததில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊர் வெள்ளிக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டை பக்கம் போனால் கொலுசு, மெட்டி வேலை நடக்காத தெரு குறைவு. என் நாத்தனாருக்கு மூன்றாவது விரலின் பக்கவாட்டில் ஆணி. செருப்பு மாற்றினாள், கிரீம் போட்டாள், போகவில்லை. ஒருநாள் அவள் காலை மடியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: இரண்டாவது விரலில் போட்டிருந்த பூ வைத்த மெட்டியின் விளிம்பு, நடக்கும்போது மூன்றாவது விரலில் அதே புள்ளியில் உரசுகிறது. மெட்டியைக் கழற்று என்றேன். மாமியார் குறுக்கே வந்தார்.

"கண்ணு, தாலி மாதிரி அது. ஆணிக்காகக் கழட்டுவாங்களா?"

"கழட்ட வேண்டாம் அத்தை, மாத்துவோம்."

பட்டறையில் கொடுத்து, பூ இல்லாமல், மெல்லிசாக, அடியில் தட்டையாக ஒரு சுற்று மெட்டி அடித்து வாங்கினோம். சற்றுத் தளர்வாகவும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் விரல் பழையபடி ஆனது.

விரல் இடுக்கில் வரும் ஆணி கெட்டியாக இருக்காது. வியர்வையில் ஊறி வெள்ளையாக, மெதுமெதுவென்று இருக்கும். பெரும்பாலும் நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வரும். சேற்றுப்புண் என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டே இருப்போம். என் அம்மா வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அம்மா காப்பித் தோட்டத்தில் மழைக்காலத்தில் கம்பூட்டு என்கிற ரப்பர் பூட்டு போட்டுக் களை எடுத்த வருஷங்களில் இதில் ரொம்ப அவதிப்பட்டாள். பூட்டுக்குள் ஈரம், மேலே நெருக்கம், சரிவில் சாய்ந்து நிற்பதால் சுண்டு விரல் பக்கம் எடை. இதற்கு மருந்தைவிடக் காய வைப்பதுதான் முக்கியம். குளித்ததும் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து, இரண்டு விரலும் ஒட்டாமல் கொஞ்சம் பஞ்சோ, மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பாஞ்சோ வைக்க வேண்டும். அந்த இடத்தில் கிரீம் தடவக் கூடாது, கார்ன் கேப் என்று மெடிக்கலில் விற்கும் மருந்து வைத்த ஆணி பிளாஸ்டரை ஒட்டவே கூடாது. தோல் வெந்துபோகும்.

வீட்டில் செய்யக்கூடியது

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு இது பொருந்தாது.

நான் ஞாயிறு ராத்திரியும் புதன் ராத்திரியும் செய்வேன். பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு. 10 முதல் 15 நிமிஷம் காலை வைத்தால் போதும். உப்பு போடலாமா, எலுமிச்சை பிழியலாமா என்று கேட்பார்கள். வேலை செய்வது வெந்நீர்தான். தோல் ஊறியதும் கால் தேய்க்கிற நுரைக்கல்லை நனைத்துக்கொண்டு, மேல் அடுக்கு மட்டும் மாவாக வருகிற அளவுக்கு லேசாகத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம் போதும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ எரிந்தாலோ நிறுத்துங்கள். இன்றைக்கே முழுவதையும் எடுத்துவிடுகிறேன் என்று உட்காராதீர்கள். அதிகமாகத் தேய்த்தால் தோல் அதையும் ஓர் உரசலாக எடுத்துக்கொண்டு இன்னும் தடிக்கும். கல் உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். கழுவிக் காய வையுங்கள்.

துடைத்த கையோடு கிரீம். மெடிக்கலில் யூரியா கலந்த கிரீம் கேட்டால் தருவார்கள். 10 அல்லது 20 சதவீதம் என்று போட்டிருக்கும். யூரியா என்றதும் உர மூட்டை ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. தோலில் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கெட்டியை இளக்குகிற பொருள் அது. கிடைக்காவிட்டால் வாசலின், தேங்காய் எண்ணெய். தடவி சாக்ஸ் போட்டுப் படுத்தால் காலையில் வித்தியாசம் தெரியும். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். எனக்கு வலி குறைய மூன்று வாரம் ஆனது, பயறு கடுகாக இன்னொரு மாதம்.

கார்ன் கேப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, பெரும்பாலும் 40 சதவீதம். அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது, தொட்டதையெல்லாம் இளக்கும். முதல் தடவை நான் அப்படியே ஒட்டி நான்கு நாள் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் தோல் தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி வெளுத்து உரிந்தது. ஆணி அப்படியே இருந்தது. மருந்து வட்டம் ஆணியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சுற்றியுள்ள தோலில் முதலில் வாசலின் பூசிக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்கில் எடுத்துவிட்டு, வெந்நீரில் ஊற வைத்து, வெளுத்ததை மட்டும் கல்லால் தேய்த்து எடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். வெடிப்போ புண்ணோ இருந்தால் ஒட்டவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

நாட்டு வைத்தியம் சொல்லாமல் எங்கள் தெருவில் யாரும் விடமாட்டார்கள். மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டியிருக்கிறேன். கெடுதல் ஒன்றும் தெரியவில்லை, ஆணி அசையவும் இல்லை. எருக்கம்பால், சேராங்கொட்டை இரண்டையும் தொடாதீர்கள். தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கிவிடும். செங்கலைக் காய வைத்து எருக்க இலை போட்டு மிதிப்பதும் வேண்டாம்.

வலிக்காத காய்ப்பை விட்டுவிடுங்கள். வெள்ளிப் பட்டறையில் நாளெல்லாம் சம்மணம் போட்டு உட்காரும் என் கொழுந்தனாருக்கு இரண்டு கணுக்காலிலும் வெளிப்பக்கம் கறுத்த காய்ப்பு. அது அவருக்குப் பட்டறையில் மெத்தை. எடுத்தால் மறுநாள் உட்கார முடியாது. என் அம்மா இன்றைக்கும் தோட்டத்துச் சரளையில் வெறுங்காலோடு நடப்பாள். அந்தக் குதிகாலை நான் கல் வைத்துத் தேய்க்கப் போனால் என்னை அடிப்பாள். குளிர்காலத்தில் வெடிக்காமல் இருக்க எண்ணெய் மட்டும் தடவிவிடுவேன்.

சர்க்கரை இருந்தால்

என் மாமனார் அம்மாபேட்டையில் குழித்தறி மிதித்தவர், 40 வருஷம். வலது கால் கட்டை விரலுக்கு அடியில் காய்ப்பு. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. அவர் ஒரு நாளும் கால் வலி என்று சொன்னதில்லை. நாங்கள் அதை நல்லது என்று நினைத்தோம். ஒருநாள் அவர் திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது காய்ப்புக்குள் கருநீலமாக ஒரு நிழல் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. தொட்டால் "ம்" சொல்ல வேண்டும். கட்டை விரலிலும் முன்பாதத்திலும் தொட்டபோது மாமா பேசாமல் இருந்தார். இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காய்ப்பைச் சீவியதும் உள்ளே புண் இருந்தது. சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் வலி வராது, காய்ப்பே உள்ளிருக்கும் சதையை நசுக்கிப் புண்ணாக்கும், மேலே மூடியும் வைத்திருக்கும். ஆறுவதற்கு மூன்று மாதம், அந்தக் காலில் எடை வைக்காமல். எலும்புக்குப் போவதற்குள் பார்த்துவிட்டோம்.

அதனால் சர்க்கரை உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் பிளேடு, கார்ன் கேப், நுரைக்கல், சுடுநீர் எதுவும் தாங்களாகச் செய்யக் கூடாது. தண்ணீர்ச் சூட்டைக்கூடக் காலால் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும் அல்லது வீட்டில் வேறு யாராவது பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. மாமாவுக்கு எம்.சி.ஆர். தளம் வைத்து, பின்னால் வார் உள்ளது வாங்கினோம். கால் மரத்தவர்களுக்கு ஹவாய் செருப்பு கழன்று போனாலும் தெரியாது. போடும் முன் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறார். பார்வை மங்கல் என்பதால் என் பெண் டார்ச் பிடித்து எண்ணுகிறாள்: விரல் பத்து, இடுக்கு எட்டு, குதிகால் இரண்டு.

சர்க்கரை இல்லாதவர்களும் சில நேரம் காத்திருக்கக் கூடாது. சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால், சீழோ ரத்தமோ கசிந்தால், காய்ப்புக்குள் கறுப்போ நீலமோ தெரிந்தால், நடையே மாறிப்போகிற அளவு வலித்தால், அன்றைக்கே போங்கள். டாக்டர் ஆணியைச் சீவுவதற்குப் பயப்பட வேண்டாம். இறந்த தோலை மட்டும்தான் சீவுவார், பெரும்பாலும் மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படாது. எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. எழுந்து நின்றதும் காலுக்கு அடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. போகும்போது தினமும் போடும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், நல்ல செருப்பாக மாற்றிக்கொண்டு போகாதீர்கள். எனக்குப் பார்த்த டாக்டர் காலைத் தொடும் முன்னால் செருப்பைத்தான் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார்.